குவீன்ஸ்லாந்தை வெட்டி எறியச் சொன்ன நண்பர்களுக்கு

மெல்பர்னிலும் சிட்னியிலும் வாழும் தமிழ் வாக்காளர்களுக்கு,

வணக்கம்.

2019 மே 18 ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. லேபர் தோற்றதற்குக் குவீன்ஸ்லாந்து மாநிலம்தான் காரணம், அதை வெட்டி எறிய வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலாக மறுநாளே இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் வேண்டாத வார்த்தை வந்து விழும் என்று நிறுத்திக்கொண்டேன். இப்போது எண்ணிக்கையும் முடிந்துவிட்டது. 151 இடங்களில் லிபரல் நேஷனல் கூட்டணிக்கு 77, லேபருக்கு 68. கூட்டணியின் பிரதமர் ஸ்காட் மாரிசனே அதை அற்புதம் என்றுதான் சொன்னார். பில் ஷார்ட்டன் லேபர் தலைவர் பதவியை விட்டு விலகினார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு பந்தய நிறுவனம், லேபர் ஜெயிக்கும் என்று பணம் கட்டியவர்களுக்கு 13 லட்சம் டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டது. எல்லோரும் அவ்வளவு உறுதியாக இருந்தோம்.

நானும் இருந்தேன். உங்களைப் போல நானும் லேபருக்கு வாக்களித்தவள்தான். வாக்களித்ததோடு வீட்டுக்குப் போகவில்லை. குவீன்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டனில் ஒரு பள்ளிக்கூட வாசலில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, எப்படி வாக்களிப்பது என்ற நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெற்றோர் சங்கத்தார் அந்தப் பக்கம் ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வெங்காய வாசனை நாள் முழுக்கச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சுரங்கச் சட்டையோடு ஒருவர் வந்தார். மஞ்சள் சட்டை, கையில் வெள்ளிக்கோடு, முழங்காலில் கரி. இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. என் நோட்டீஸை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் நின்றார். அவருடைய அப்பா காலத்திலிருந்து லேபருக்குத்தான் போட்டு வந்தார்களாம். இந்த முறை முடியவில்லை, மன்னித்துக்கொள் என்றார். ஏன் என்று கேட்டேன். "என் வேலையைப் பற்றிப் பேசும்போது உங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது எனக்கும் சேர்த்து ஒரு சாசேஜ் ரொட்டி வாங்கி வந்தார். நான் சைவம். அதைச் சொல்ல மனம் வராமல் கையில் வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு எண்ணிக்கையிலும் கட்சிப் பார்வையாளராக இருந்தேன். தொடக்கூடாது, பார்க்கலாம், அவ்வளவுதான். இங்கே வாக்குச் சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். மேஜையில் சீட்டுகளைக் கொட்டி, முதல் விருப்பு யாருக்கு என்று பிரித்து அடுக்கினார்கள். எங்கள் அடுக்கு வளரவே இல்லை. பக்கத்தில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஒன் நேஷன் கட்சியின் அடுக்கு மட்டும் மளமளவென்று ஏறியது. அப்புறம் அந்த அடுக்கைப் பிரித்து, கடைசியில் நிற்கும் இரண்டு பேரில் யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். நான் குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். ஒன் நேஷனுக்கு 1 போட்டவர்களில் நிறையப் பேர் லிபரல் நேஷனலை மேலே வைத்திருந்தார்கள். ஆனால் நடு நடுவே, ஒன் நேஷனுக்கு 1, லேபருக்கு 2 என்று போட்ட சீட்டுகளும் வந்தன. பென்சிலால் அழுத்தி எழுதிய அந்த 2-ஐ இன்னும் மறக்க முடியவில்லை. யாரோ ஒருவர் நம்மிடம் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டு, வாசலில் நின்று திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் கேப்ரிகார்னியா தொகுதியில் 2016-ல் லேபர் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தோற்றது. இந்த முறை விருப்பு வாக்குகளெல்லாம் பிரித்த பிறகு நூற்றுக்கு 62 பேர் அந்தப் பக்கம். லேபருக்கு முதல் விருப்பு கொடுத்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் நாங்கள் நிறுத்தியவரே ஒரு சுரங்கத் தொழிலாளி.

இரவு ஒன்பதரை வாக்கில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தேர்தல் ஆய்வாளர் ஆண்டனி கிரீன் முடிவைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தொலைபேசியை எடுத்தால் உங்கள் செய்திகள். ஆஸ்திரேலிய வரைபடத்தில் குவீன்ஸ்லாந்தை மட்டும் கத்தரித்துக் கடலில் விட்ட படம். 'குவெக்ஸிட்', அதாவது குவீன்ஸ்லாந்தே வெளியே போ. படிக்காத கூட்டம், இனவெறிக் கூட்டம், நிலக்கரியையே சோறாகத் தின்னட்டும் என்றெல்லாம். அதில் ஒன்றை அனுப்பியவர், நாங்கள் 2008-ல் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது சிட்னியில் மூன்று வாரம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். இன்றும் நான் அண்ணா என்று கூப்பிடும் மனிதர். அண்ணா, உங்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய அந்தப் படம் சரியில்லை.

முதலில் கணக்கையே பார்ப்போம். குவீன்ஸ்லாந்தின் 30 இடங்களில் லேபருக்குக் கிடைத்தது 6. மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் விருப்பு வாக்கெல்லாம் பிரித்த பிறகு இங்கே நூற்றுக்கு 41 பேர் லேபர் பக்கம் நிற்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். வரைபடத்தை வெட்டும்போது அவர்களையும் சேர்த்துத்தான் வெட்டினீர்கள். நானும் அந்தத் துண்டில்தான் இருக்கிறேன்.

அப்புறம், உங்கள் வாசலையும் கொஞ்சம் பாருங்கள். மெல்பர்னின் சிஸ்ஹோம் தொகுதி, நம்மவர்கள் நிறைய இருக்கும் மவுண்ட் வேவர்லியும் பாக்ஸ் ஹில்லும் சேர்ந்தது. அங்கே லிபரல் ஜெயித்தது ஆயிரத்துச் சொச்சம் வாக்கில். சிட்னியில் ஹோம்புஷ் இருக்கும் ரீட் தொகுதியையும் லிபரல் தக்கவைத்துக்கொண்டது. பென்ரித் பக்கம் லிண்ட்சே தொகுதி லேபர் கையைவிட்டே போனது. டாஸ்மேனியாவில் பாஸ் தொகுதி 563 வாக்கில் போனது. விக்டோரியாவில் அள்ளிக்கொண்டு வருவோம் என்று கட்சி எதிர்பார்த்தது, வரவில்லை. ஆனால் ஹோம்புஷ்காரர்களை யாரும் கடலில் தள்ளச் சொல்லவில்லை. அடி எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறது, பழியை மட்டும் எங்கள் தலையில் கட்டினீர்கள்.

கருத்துக் கணிப்புகள் நம்மை ஏமாற்றிவிட்டன என்கிறீர்கள். சரி, அது உண்மைதான். கடைசி வாரத்தில் வந்த கணிப்புகள் எல்லாமே லேபருக்கு 51 அல்லது 52 என்று வரிசையாக ஒரே மாதிரி சொன்னன. வந்தது நேர்மாறு, கூட்டணிக்கு 51.5. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பிரையன் ஷ்மிட், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கியவர், இத்தனை கணிப்புகள் தற்செயலாக இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போக லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று கணக்குப் போட்டு எழுதினார். கணிப்பாளர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் எங்கள் ஊரில் சந்தைக்குப் போய்வந்த யாருக்கும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். ஈஸ்டர் சமயத்தில் நானே கட்சி அலுவலகத்தில் சொன்னேன். எண்கள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன, கவலைப்படாதே என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

காற்று ஏன் அப்படி வீசியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். ஏறியிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டால், லேபர் வந்தால் சாவு வரி போடுவார்களாமே, என் வீடு பிள்ளைகளுக்குக் கிடைக்காதாமே என்றார். மகன் ஃபேஸ்புக்கில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அப்படி ஒரு வரி லேபர் திட்டத்தில் கிடையவே கிடையாது, முழுப் பொய். நான் உட்கார்ந்து விளக்கினேன். அடுத்து ஃபிராங்கிங் கிரெடிட்டைப் பற்றி, அதாவது பங்கு வைத்திருப்பவர்களுக்கு அரசு திருப்பித் தரும் வரிப் பணத்தை லேபர் நிறுத்தப்போவதைப் பற்றிக் கேட்டார். "ஐயா, உங்களிடம் பங்கு இருக்கிறதா?" என்றேன். இல்லை. "அரசு பென்ஷன் வாங்குகிறீர்களா?" வாங்குகிறார். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு காசும் போகாது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னால் நம்புகிறேன், ஆனால் அவர்கள் ஏன் இதை இப்படிச் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வீட்டு முதலீட்டு வரி, பங்கு வரி, புற்றுநோய் சிகிச்சை, பென்ஷன்காரர்களுக்குப் பல் வைத்தியம், குழந்தைக் காப்பகம் என்று லேபர் எத்தனையோ நல்ல திட்டங்களை ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெரியவருக்குப் பல் வைத்தியம் கிடைத்திருக்கும். ஆயிரம் பக்கத் திட்டத்தில் அவருக்கு எட்டியது 'வரி' என்ற ஒரு சொல்தான். ஃபிராங்கிங் கிரெடிட் மாற்றம் பிடிக்காதவர்கள் எங்களுக்கு எதிராக வாக்களிக்கத் தாராளமாக உரிமை உண்டு என்று லேபரின் நிதிப் பொறுப்பாளர் கிறிஸ் போவன் ஜனவரியில் சொன்னார். ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள். சுரங்கக் கோடீஸ்வரர் கிளைவ் பாமர் தன் கட்சிக்காக அறுபது மில்லியன் டாலருக்கு மேல் கொட்டியும் ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் அவருடைய மஞ்சள் பலகைகள் அந்தப் பயத்துக்குத் தினமும் எண்ணெய் ஊற்றின.

இனி நிலக்கரி. இதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே பெரிய பள்ளம்.

என் வீட்டுக்காரர் மொரான்பா பக்கம் ஒரு சுரங்கத்தில் பொறியாளர். ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. நாங்கள் சாப்பிடும் சோறு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது, அதை மறைக்க மாட்டேன். அதே சமயம் கெப்பல் தீவுகளில் என் பிள்ளைகளோடு பவளப் பாறைமேல் நீந்தியிருக்கிறேன். 2016-லும் 2017-லும் அடுத்தடுத்துப் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்தபோது அழுதவர்களில் எங்கள் ஊர் மீனவர்களும் உண்டு. எங்களுக்குப் பருவநிலை தெரியாது என்று நினைக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துச் சுரங்கப் பகுதியான போவன் படுகையில் இன்று தோண்டுவதில் பெரும்பகுதி இரும்பு உருக்குவதற்கான நிலக்கரி. கலிலீ படுகையில் அடானி தோண்டப்போவது மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரி. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்கு உலகத்தில் இன்னும் மாற்று சரியாக வரவில்லை, இரண்டாவதற்கு வந்துவிட்டது. இதே அடானி 2016-ல் நம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டிய ஆள்தானே. இந்த வித்தியாசத்தை ஒரு மேடையில், ஒரே ஒரு மேடையில், ஷார்ட்டன் நின்று சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரரோடு வேலை செய்பவர்கள் கேட்டிருப்பார்கள். பத்தாயிரம் வேலை என்று அடானி விளம்பரம் செய்ததையும், அவர்கள் தரப்புப் பொருளாதார நிபுணரே நீதிமன்றத்தில் 1,464 என்று சாட்சி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக மெல்பர்னில் ஒரு பேச்சு, இங்கே வந்தால் ஒரு மழுப்பல். இரண்டு பக்கமும் நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் அடானி சுரங்கத்தை எதிர்த்து, கிரீன்ஸ் கட்சியின் முன்னாள் தலைவர் பாப் பிரவுன் தலைமையில் டாஸ்மேனியாவிலிருந்து கார் ஊர்வலம் கிளம்பி வந்தது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. டாஸ்மேனியாவின் ஃபிராங்க்லின் நதியைக் காப்பாற்றியவர். ஆனால் கிளெர்மான்ட் ஊருக்குள் அந்த ஊர்வலம் நுழைந்தபோது அங்கிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உங்கள் தெருவுக்குள் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து ஒரு கூட்டம் வந்து, நீங்கள் செய்யும் வேலை பாவம் என்று பதாகை பிடித்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்? வந்தவர்களில் ஒருவராவது ஒரு சுரங்கக்காரர் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பலன் என்ன தெரியுமா? தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே குவீன்ஸ்லாந்தின் லேபர் பிரீமியர் (மாநில முதல்வர்) அனஸ்தேசியா பலஷே, அடானி சுரங்க அனுமதியை இழுத்தடித்தது போதும் என்று கெடு வைத்தார். கருந்தொண்டைச் சில்லை என்ற சிறு குருவிக்கான பாதுகாப்புத் திட்டத்துக்கு மே 31-ல் ஒப்புதல், நிலத்தடி நீர்த் திட்டத்துக்கு ஜூன் 13-ல் ஒப்புதல். தடுக்க வந்ததே வழி திறந்துவிட்டது.

இங்கே இனவெறியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து ஊருக்குத் திரும்பிப் போ என்று கத்தியவர்கள் உண்டு. என் மகள் பள்ளியில் கேட்டு வந்த ஒரு வார்த்தையை இங்கே எழுதக்கூட மாட்டேன். ஒன் நேஷனுக்கு எங்கள் தொகுதியில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாக்களித்திருக்கிறார் என்று தெரிந்த அன்று, மறுநாள் கடைக்குப் போனபோது ஆட்களை எண்ணினேன். மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

ஆனால் பிலோயிலாவும் இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே அந்த ஊரைப் பற்றித்தான்.

ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ராக்ஹாம்ப்டனிலிருந்து தெற்கே போக வேண்டும். நிலக்கரிச் சுரங்கம், அனல் மின் நிலையம், இறைச்சி ஆலை, மாட்டுப் பண்ணை. ஊர்க்காரர்கள் செல்லமாக 'பிலோ' என்பார்கள். ஃப்ளின் தொகுதி. இந்த முறையும் அந்தத் தொகுதியில் நூற்றுக்கு 58 பேர் லிபரல் நேஷனல் பக்கம். உங்கள் வரைபடத்தில் முதலில் கத்தரி பட வேண்டிய இடம்.

அந்த ஊரில்தான் நம் ஈழத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. கணவர் 2012-லும் மனைவி 2013-லும் தனித்தனியாகப் படகில் வந்தவர்கள். இங்கே திருமணம் செய்துகொண்டார்கள். அவர் இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளும் குவீன்ஸ்லாந்தில் பிறந்தவர்கள். 2018 மார்ச் மாதம் ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லைப் படையினர் வந்து அவர்களை எழுப்பி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி, மெல்பர்ன் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசா முடிந்தது முந்தின நாள்.

அதற்கு முதலில் எழுந்து நின்றது நீங்களோ நானோ இல்லை. நான் செய்தியைப் படித்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு, இரவு வேலைக்குப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. எழுந்து நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மனு தயாரித்தார்கள், கையெழுத்து லட்சத்தைத் தாண்டியது. விழிப்புக் கூட்டம் நடத்தினார்கள், கான்பெராவுக்கு எழுதினார்கள், வழக்கறிஞர்களைத் தேடினார்கள். அவர்களில் கூட்டணிக்கு வாழ்நாள் முழுக்க வாக்களித்தவர்கள் இருக்கிறார்கள். படகில் வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்கூட, இந்தக் குடும்பம் எங்கள் ஊர்க் குடும்பம், எங்களிடம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள்.

இது முரண்பாடு என்று நமக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் என்னோடு வேலை செய்யும், பிலோயிலாவில் பிறந்து வளர்ந்த ஒரு சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கொள்கை எல்லாம் டிவியில் வருவது. அந்தப் பெண் எனக்குத் தெரிந்தவள், பருப்புக் குழம்பு செய்து கொடுத்திருக்கிறாள்." கொள்கை மட்டும் பேசிய நாமோ? படகில் வரும் யாருக்கும் இங்கே இடமில்லை என்று 2013 ஜூலையில் அறிவித்தது லேபர் பிரதமர் கெவின் ரட். அதற்குப் பிறகும் நாம் லேபருக்கு வாக்களித்தோம். நம் வாக்கிலும் முரண்பாடு இருக்கிறது, பிலோயிலாக்காரர் வாக்கில் இருப்பது போலவே.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, மே 14-ல், அந்தக் குடும்பத்தின் மேல்முறையீட்டை விசாரிக்க, நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. நீங்களும் நானும் கருத்துக் கணிப்பு எண்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த வாரம் அது. இனி அமைச்சர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மனம் வைத்தால்தான் பெரிதாக ஏதும் நடக்கும். ஜெயித்திருப்பது கூட்டணி. ஆக, கூட்டணியின் காதில் விழும் குரல் யாருடையது? அவர்களுக்கு வாக்களித்த பிலோயிலாவின் குரல். கத்தரித்து எறியச் சொன்னீர்களே, அந்த வாக்காளர்களின் குரல்.

மெல்பர்ன் நண்பர்களே, அந்தக் குடும்பம் இப்போது, இந்த 2019 ஜூனில், உங்கள் ஊரில் இருக்கிறது. பிராட்மெடோஸ் தடுப்பு மையத்தில், நாலு வயதும் இரண்டு வயதுமான பிள்ளைகளோடு. முன்கூட்டியே விண்ணப்பித்தால் போய்ப் பார்க்கலாம். டாண்டினாங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம். போனால் அவர்கள் பேசும் மொழியிலேயே பேசலாம், பிலோயிலாக்காரர்களால் முடியாதது அது ஒன்றுதான். சிட்னி நண்பர்களே, உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, குடிவரவு அமைச்சர் டேவிட் கோல்மனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அவரே சிட்னிக்காரர், பேங்க்ஸ் தொகுதி. உங்களில் சிலருக்கு அவர்தான் உறுப்பினர்.

அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அன்று நீங்கள் எங்களுக்கு மூன்று வாரம் கொடுத்தீர்கள், எங்களுக்கு மூன்று நாளாவது கொடுங்கள். அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கும் வீட்டு முறைதான். சனிக்கிழமை காலை கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பிலோயிலா போய்விடலாம். சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பருப்புக் குழம்பு சாப்பிட்டுப் பழகிய வீடு, நமக்குச் சைவமாகவே சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ராக்ஹாம்ப்டனிலிருந்து உங்கள் தங்கை
ஜூன் 2019